கம்பெனி போனாலும் கார் ஓடணும்

வீட்டில் கார் இருக்கிற எல்லாருக்கும் அந்த மஞ்சள் விளக்கைத் தெரியும். டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்டு எரியும். உடனே நம்ம பசங்க என்ன பண்ணுவோம்? சில நூறு ரூபாய்க்கு ஒரு ப்ளூடூத் டாங்கிள் வாங்கி, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற 16 பின் சாக்கெட்டில் சொருகி, போனில் ஆப்பைத் திறப்போம். 'பி0301' என்று வரும். முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர். பிளக்கையோ காயிலையோ மாத்தினா விளக்கு அணையும். வீட்டில் நம்ம மதிப்பு ஒரு படி ஏறும்.

அடுத்த மாசம் ஏ.பி.எஸ். விளக்கு எரியும். அதே டாங்கிள், அதே ஆப். 'கோளாறு எதுவும் இல்லை' என்று சொல்லும். விளக்கு மட்டும் எரிஞ்சுகிட்டே இருக்கும்.

டாங்கிளைத் திட்டாதீங்க. அதோட வேலையே அவ்வளவுதான். ஓ.பி.டி.-2 என்கிற தரம் அமெரிக்காவில் 1996 மாடல் கார்களில் இருந்தும், இந்தியாவில் 2013-இல் இருந்தும் கட்டாயம். ஆனா அந்தச் சட்டம் கேட்டது புகை சம்பந்தப்பட்ட தகவலை மட்டும்தான். எஞ்சின் ஒழுங்கா எரியுதா, கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் வேலை செய்யுதா, ஆக்சிஜன் சென்சார் என்ன சொல்லுது, இப்படி. ஏ.பி.எஸ்., ஏர்பேக், சாவி, கதவு, ஏசி இதெல்லாம் கம்பெனியின் சொந்த மொழியில் பேசும். அந்த மொழி தெரிஞ்ச கருவி ஷோரூமில் இருக்கும். அதைத்தான் டீலர் லெவல் ஸ்கேனர் என்கிறோம்.

நான் சொல்ல வர்றதை முதலிலேயே சொல்லிடறேன். இந்த மாதிரி ஸ்கேனரை ஒரு ஆள் தனியா வாங்கி வீட்டில் வைக்கிறதில் அர்த்தமே இல்லை. ஒரே கம்பெனி கார் வெச்சிருக்கிறவங்க கூட்டா வாங்கணும், கூட்டா பராமரிக்கணும். அந்தப் பராமரிப்புப் பொறுப்பை எடுத்துக்கத் தகுதியான ஆட்கள் இன்ஜினியரிங் காலேஜில் படிக்கிற நாமதான்.

படிக்கிறது வேற, எழுதுறது வேற

ஷோரூம் கருவி எரர் கோடை மட்டும் படிக்கிறது இல்லை. காருக்குள்ளே இருக்கிற ஒவ்வொரு பெட்டிக்கும் கட்டளை போடும். ஏ.பி.எஸ். பம்ப்பை ஓட்டிப் பார்த்து பிரேக் ஆயிலில் இருக்கிற காற்றை எடுக்கும். ரேடியேட்டர் ஃபேனைச் சுத்த வைக்கும். புது சாவியைக் காருக்கு அறிமுகப்படுத்தும். மாத்தின இ.சி.யூ.-வுக்கு அந்தக் காரின் அடையாளத்தை எழுதும்.

யூ.டி.எஸ். புரோட்டோகால் பத்திப் படிச்சவங்களுக்கு இது புரியும். சர்வீஸ் எண் 27, செக்யூரிட்டி ஆக்சஸ். கருவி 'உள்ளே விடு' என்று கேட்கும். கார் ஒரு எண்ணைக் கொடுக்கும். அதை வெச்சு ரகசியக் கணக்குப் போட்டுச் சரியான பதிலைத் திருப்பிக் கொடுத்தாத்தான் கதவு திறக்கும். அந்தக் கணக்கு யார் கையில் இருக்கு? கம்பெனி கையில். சரி, அந்தக் கம்பெனியே நாளைக்கு இல்லாமல் போனா?

சாப்காரங்க கத்துக்கொடுத்த பாடம்

இது கற்பனைக் கேள்வி இல்லை. ஸ்வீடனில் ட்ரோல்ஹாட்டன் என்கிற ஊரில் சாப் கார் தயாரிச்சாங்க. 2011 டிசம்பர் 19-ஆம் தேதி சாப் திவால் மனு போட்டது. அதுவரைக்கும் வித்த கார்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ரோட்டில் ஓடிக்கிட்டுத்தான் இருந்தன. டீலர் கடைகள் மூடிட்டாங்க, இல்லைன்னா வேற கார் விற்கப் போயிட்டாங்க.

உதிரி பாகம் கிடைக்கும். பாகங்கள் விற்ற பிரிவு தனியாத் தப்பிச்சு, ஓரியோ என்ற பெயரில் தொடர்ந்தது. ஆனா பாகம் கையில் இருந்தும் பிரயோஜனம் இல்லாத நிலைமை உண்டு. சாப் 9-3 காரில் ஸ்டீயரிங் காலத்தில் உட்கார்ந்திருக்கும் எலக்ட்ரானிக் பெட்டி செத்துப்போச்சு என்று வைங்க. இன்னொரு சாப்பிலிருந்து கழட்டி மாட்டினா ஓடாது. பழைய காரிடமிருந்து அந்தப் பெட்டியை முதலில் 'விவாகரத்து' பண்ணணும். அப்புறம் புதுக் காரோட 'கல்யாணம்' பண்ணி வைக்கணும். சாப் ஓட்டுறவங்க உண்மையிலேயே இந்த வார்த்தைகளைத்தான் பயன்படுத்துறாங்க. கல்யாணம் பண்ணி வைக்கிற புரோகிதர் பேர் டெக்-2.

டெக்-2 என்பது அப்போ சாப்பின் முதலாளியா இருந்த ஜெனரல் மோட்டார்ஸுக்காக வெட்ரோனிக்ஸ் செய்த கருவி. செங்கல் மாதிரி கனமா, சின்னத் திரையோட இருக்கும். உள்ளே 32 எம்.பி. அளவுக்கு ஒரு பி.சி.எம்.சி.ஐ.ஏ. கார்டு. சாப் வேணும்னா சாப் கார்டு, மத்த ஜி.எம். கார் வேணும்னா வேற கார்டு. கேன் பஸ் வந்த பிறகான கார்களுக்கு நடுவில் கேண்டி என்று ஒரு தனிப் பெட்டி மாட்டணும். சாவி சேர்க்கிற மாதிரி பாதுகாப்பு வேலை என்றால் டெக்-2 மட்டும் போதாது. காரில் மாட்டித் தகவல் எடுத்து, டி.ஐ.எஸ். 2000 என்கிற மென்பொருள் இருக்கிற கம்ப்யூட்டரில் மாட்டி அனுமதி வாங்கி, திரும்பக் காருக்குப் போகணும்.

ஒரு கார் வெச்சிருக்கிற ஆளுக்கு இதெல்லாம் வருஷத்தில் ஒரு தடவையோ ரெண்டு தடவையோதான் தேவைப்படும். அதனால் அவங்க என்ன பண்ணினாங்க? பல ஊர்களில் ஒருத்தர் வீட்டு கராஜில் டெக்-2 இருக்கும். சுத்துப்பட்டில் இருக்கிற சாப்காரங்க அங்கே வண்டியைக் கொண்டு போவாங்க. சில கிளப்புகள் பொதுப் பணத்தில் கருவி வாங்கி உறுப்பினர்களுக்கு முறை வெச்சுக் கொடுக்கும். கம்பெனி போய்ப் பல வருஷம் கழிச்சும் அந்தக் கார்கள் ஓடக் காரணத்தில் இது பாதி.

வாங்குறது சுலபம், வளர்க்கிறதுதான் கஷ்டம்

'சரி, ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு வாங்கிடலாம்' என்று கிளம்பிடாதீங்க. எல்லாரும் கோட்டை விடுறது இங்கேதான். வாங்கின அன்னைக்கு எல்லாரும் போட்டோ எடுத்துப்பாங்க. ஒரு வருஷம் கழிச்சுக் கேபிளின் பின் வளைஞ்சிருக்கும், கார்டு எங்கேயோ போயிருக்கும், லேப்டாப்பை யாரோ ஃபார்மேட் பண்ணி கேம் போட்டிருப்பாங்க.

பராமரிப்பு என்றால் என்னென்ன?

முதலாவது, பழைய கம்ப்யூட்டர். டி.ஐ.எஸ். 2000 மாதிரி மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்.பி. காலத்து ஆள். சீரியல் போர்ட் இருக்கிற பழைய லேப்டாப் ஒண்ணை அதுக்காகவே ஒதுக்கணும். அதில் இன்டர்நெட்டே போடக் கூடாது. ஹார்ட் டிஸ்க்கை அப்படியே பிரதி எடுத்து வேற இடத்தில் வைக்கணும். கருவியின் கார்டுக்கும் அதே மாதிரி பிரதி வேணும்.

ரெண்டாவது, கரண்ட். இ.சி.யூ.-வில் எழுதும்போது எஞ்சின் ஓடாது, இக்னிஷன் மட்டும் ஆனில் இருக்கும். பேட்டரி சத்தமில்லாமல் இறங்கிக்கிட்டே வரும். பாதி எழுதும்போது வோல்டேஜ் விழுந்தா அந்தப் பெட்டி காலி. அதனால் எழுதுற வேலைக்கு நிலையான வோல்டேஜ் கொடுக்கிற பவர் சப்ளை கட்டாயம். மெக்கானிக் கடையில் இருக்கிற சாதாரண சார்ஜர் உதவாது, அதில் ரிப்பிள் அதிகம். பவர் எலக்ட்ரானிக்ஸ் லேபில் ரெக்டிஃபயர் அவுட்புட்டை ஆஸிலாஸ்கோப்பில் பார்த்தவங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மூணாவது, நோட்டு. எந்தக் கார், எந்தத் தேதி, என்ன கோடு வந்தது, என்ன மாத்தினோம், சரியாச்சா. மாத்துறதுக்கு முன்னால் இருந்த செட்டிங் என்ன. இதை எழுதி வெச்சா அடுத்த ஆளுக்கு அரை நாள் மிச்சம். பி0301 என்றால் மிஸ்ஃபயர் என்று யார் வேணும்னாலும் சொல்லலாம். 'இந்த மாடலில், இந்தக் கோடு மழைக்காலத்தில் வந்தா முதலில் இந்த கனெக்டரைப் பாரு' என்று சொல்ல நோட்டுதான் வேணும்.

நாலாவது, ஆள். கருவியைப் பயன்படுத்தத் தெரிஞ்ச ஒரே ஆள் வேலை கிடைச்சு பெங்களூரு போயிட்டா, கருவி அலமாரிக்குப் போயிடும். எப்பவும் குறைஞ்சது மூணு பேருக்காவது தெரிஞ்சிருக்கணும்.

நமக்கு என்ன சம்பந்தம்?

ஸ்வீடன் கதை நமக்கு எதுக்கு என்று கேட்டா, மறைமலை நகரைப் பாருங்க. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப் போவதாச் சொன்னது. அடுத்த வருஷம் சென்னை ஆலையிலிருந்து கடைசி எக்கோஸ்போர்ட் வெளியே வந்தது. அதுக்கு முன்னாடி 2017 கடைசியில் ஷெவர்லே விற்பனை நின்னுச்சு. ஃபோர்டு சாப் மாதிரி திவால் ஆகலை, சர்வீஸ் தொடரும் என்றும் சொன்னது. ஆனா புது கார் விற்காத இடத்தில் சர்வீஸ் சென்டர் எத்தனை வருஷத்துக்குத் தாங்கும் என்கிற கவலை நம்ம தெருவில் எக்கோஸ்போர்ட் ஓட்டுற அண்ணனுக்கு இருக்கத்தானே செய்யும்?

ஃபோர்டுகாரங்களுக்கு ஒரு நல்ல விஷயம் ஃபோர்ஸ்கேன். கம்பெனிக்கு வெளியே இருக்கிறவங்க எழுதின மென்பொருள். பல ஃபோர்டு கார்களில் 6, 14 பின்களில் ஒரு வேகமான கேன் பஸ், 3, 11 பின்களில் இன்னொரு மெதுவான கேன் பஸ். சாதாரண டாங்கிள் முதல் ஜோடியை மட்டும் பார்க்கும். ரெண்டையும் பார்க்கிற அடாப்டர் இருந்தா பெரும்பாலான பெட்டிகளோடு பேசலாம். இருபது எக்கோஸ்போர்ட்காரங்க சேர்ந்தா நல்ல அடாப்டர், பவர் சப்ளை, பழைய லேப்டாப் எல்லாம் ஆளுக்கு ஒரு பெட்ரோல் டேங்க் செலவுக்குள்ளே அடங்கும்.

சட்டமும் முழுசா நமக்கு எதிரி இல்லை. 2011-இல் ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் கொடுத்த புகாரை விசாரிச்ச இந்தியப் போட்டி ஆணையம், 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் ரூ.2,544.65 கோடி அபராதம் போட்டது. உதிரி பாகங்களும் டயக்னாஸ்டிக் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காதபடி வெச்சிருந்ததுதான் குற்றச்சாட்டின் மையம். வழக்கு மேலே மேலே போனது வேற விஷயம். ஆனா ஸ்கேனரைப் பூட்டி வைக்கிறது போட்டியைக் கொல்லுது என்று ஒரு அரசு அமைப்பே எழுதி வெச்சிருக்கு. 2022 டிசம்பரில் மத்திய அரசு திறந்த 'ரைட் டு ரிப்பேர்' தளத்திலும் வாகனத் துறை ஒரு பிரிவு.

எதிர்ப்புக் கேள்விகள்

'சாவி சேர்க்கிற கருவியைப் பொதுவில் விட்டா திருடன் கையில் போகாதா?' நியாயமான கேள்வி. திருடங்க கிட்டே கருவி ஏற்கனவே இருக்கு என்பது உண்மைதான், ஆனா அது பதில் ஆகாது. நம்ம பதில் விதிமுறையா இருக்கணும். கோடு படிக்கிறது யார் வேணும்னாலும் செய்யலாம். எழுதுறது, சாவி சேர்க்கிறது என்றால் ஆர்.சி. புக்கும் அடையாள அட்டையும் பார்த்து, ரெண்டு பேர் இருந்து, நோட்டில் கையெழுத்து வாங்கித்தான். கிலோமீட்டரைக் குறைக்கிறது, புகைக் கட்டுப்பாட்டை அணைக்கிறது, இந்த ரெண்டும் எவ்வளவு நெருங்கின நண்பன் கேட்டாலும் கிடையாது. அதை ஒரு தடவை செய்தா அந்தக் குழுவின் பேர் அன்னையோட போச்சு.

'மார்க்கெட்டில் இருக்கிறதில் நிறைய டூப்ளிகேட் கருவிதானே?' ஆமாம். டெக்-2 உட்பட. மலிவா கிடைக்கிற டாங்கிளே கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் செய்த ஈ.எல்.எம். 327 சிப்பின் நகல்தான் பெரும்பாலும். அந்தக் கம்பெனி 2022-இல் கடையை மூடிருச்சு. காசு மிச்சம் என்று நகலை வாங்கும்போது யார் வயிற்றில் அடிக்கிறோம் என்று நாளைக்கு எம்பெடட் துறைக்குப் போகப் போகிற நாம யோசிக்கணும். கூட்டா வாங்குறதில் இன்னொரு லாபம் இதுதான்: தனி ஆளுக்குக் கட்டுப்படியாகாத அசல், இருபது பேருக்குக் கட்டுப்படியாகும். முறையா வாங்க வழி இருந்தா முறையாத்தான் வாங்கணும். வழியே இல்லைன்னா, வழி கேட்டுக் கம்பெனிக்கும் அரசுக்கும் எழுதணும். அமெரிக்காவில் டொயோட்டா தன் டயக்னாஸ்டிக் மென்பொருளை 2 நாள் சந்தாவுக்குக்கூட யாருக்கும் விற்கிறது. மாசசூசெட்ஸ் மக்கள் 2012-இலும் 2020-இலும் ஓட்டுப் போட்டு ரிப்பேர் உரிமையைக் கேட்டு வாங்கினாங்க. அங்கே முடியுறது இங்கே ஏன் முடியாது?

'நம்ம ஏரியா மெக்கானிக் அண்ணன் பொழப்பு?' என்னைக் கேட்டா, அவரைத்தான் முதல் உறுப்பினரா சேர்க்கணும். கை வேலை அவருக்குத் தெரியும், பஸ் டேட்டா நமக்குப் படிக்கத் தெரியும். கோடு சொல்றது பாதி உண்மை. மீதி பாதி அவர் காதில் விழுற சத்தத்தில் இருக்கு.

எங்கே ஆரம்பிக்கிறது?

காலேஜ் பார்க்கிங்கில் ஒரு சுத்து சுத்துங்க. ஸ்டாஃப் கார்களில் எந்தக் கம்பெனி அதிகம் என்று எண்ணுங்க. அந்த ஒரு கம்பெனியோட மட்டும் ஆரம்பிங்க, எல்லாக் காருக்கும் ஒரே கருவி என்று ஆசைப்படாதீங்க. ஆட்டோமொபைல் லேபில் ஒரு பூட்டு போட்ட அலமாரி கேளுங்க. ஆட்டோமொபைல், இ.சி.இ., சி.எஸ்.இ. மூணு டிபார்ட்மெண்டிலிருந்தும் இரண்டாம் வருஷப் பசங்களைச் சேருங்க. ஃபைனல் இயர் ஆட்கள் மட்டும் இருந்தா அடுத்த மே மாசத்தோட கதை முடிஞ்சிடும். முதல் செலவு ஸ்கேனர் இல்லை, ஒரு நல்ல தடிமனான நோட்டு. இந்த செமஸ்டர் முழுக்கக் கோடு மட்டும் படிங்க, எழுதிக்கிட்டே வாங்க. எழுதுற வேலையை அடுத்த செமஸ்டரில் பார்த்துக்கலாம்.

நூறு பக்கம் நிரம்பின அந்த நோட்டை நீங்க ஜூனியர் கையில் கொடுத்துட்டுப் போகணும். பிளேஸ்மெண்ட் கிடைச்ச குஷியில் அதை மறந்துடாதீங்க.