சாமை விக்கிறவன் சொல்றேன், மாத்திரையை நிறுத்தாதீங்க

கரியாலூருக்கு வந்து எங்ககிட்ட சாமை வாங்குற பட்டணத்துக்காரங்க சிலபேர், "இனி கொலஸ்ட்ரால் மாத்திரையே வேணாம்"னு பெருமையா சொல்றாங்க. கேட்டா எனக்குக் கோபம்தான் வருது.

சாமை நல்ல தானியம். ஆனா மருந்துக்கு மாற்று இல்லை. உடம்பில் இருக்கிற கொலஸ்ட்ராலில் பெரும்பங்கை உடம்பேதான், முக்கியமா கல்லீரல், தயாரிக்குது. ஸ்டாட்டின் மாத்திரை அந்தத் தயாரிப்பைக் குறைக்கும். அப்போ கல்லீரல் தன் தேவைக்கு ரத்தத்தில் ஓடுற எல்டிஎல்லை, அதாவது கெட்ட கொலஸ்ட்ராலை, இழுத்துக்கும். மருந்தின் அளவைப் பொறுத்து அது 30 முதல் 50 சதவீதம் வரை இறங்கும். டிரைகிளிசரைடும் ஓரளவு குறையும். நல்லதுன்னு சொல்ற எச்டிஎல் கொஞ்சம்தான் ஏறும். ரிப்போர்ட் நார்மல்னு வந்ததும் நிறுத்துறீங்களே, அந்த நார்மலே மாத்திரையால் வந்தது. விட்டா சில வாரத்தில் பழையபடி ஏறிடும்.

"எல்லாம் கெமிக்கல்"ங்கிறீங்களா? 1973-ல் முதல் ஸ்டாட்டினைப் பூஞ்சையிலிருந்து கண்டுபிடிச்ச ஜப்பான்காரர் அகிரா எண்டோ, ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளை.

நம்ம ஆரம்ப சுகாதார நிலையங்களில் 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டம் இருக்கு. மாரடைப்பு அறிகுறியோட வர்றவங்களுக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெலோட அட்டோர்வாஸ்டாட்டின்ங்கிற ஸ்டாட்டினும் கொடுக்கிறாங்க. மலையில் இருக்கிற எங்களுக்கு அதோட அருமை தெரியும். தசைவலி வந்தா டாக்டர்கிட்ட சொல்லுங்க, அவர் மாத்திக் கொடுப்பார். சாமையைச் சோறா சாப்பிடுங்க. மாத்திரையை நிறுத்த அதைச் சாக்கா சொல்லாதீங்க.