பச்சைத் தூளில் ஷிஃபா தேடுபவர்களுக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. பெண் பிள்ளைகளைப் பெற்ற உம்மா வாப்பாமார் தயவுசெய்து முழுதாக வாசியுங்கள்.

கொஞ்சக் காலமாக வட்ஸ்அப் குழுமங்களிலும் டிக்டொக்கிலும் மட்சா என்கிற பச்சைத் தேயிலைத் தூள்தான் பேச்சு. கொழுப்பைக் கரைக்குமாம், சுகர் வருத்தத்தை மாற்றுமாம், உடம்பிலுள்ள நச்சையெல்லாம் கழுவுமாம். பெரியவர்கள் வாங்கிக் குடித்துவிட்டுப் போனால் நாங்கள் பேசாமல் இருந்திருப்போம். ஆனால் பத்தாம், பதினோராம் தரத்துப் பிள்ளைகள் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு இதைக் குடித்தால் மெலியலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். ஆகவே ஆசிரியர்களாகிய நாங்கள் வாய் திறந்துதான் ஆக வேண்டும்.

முதலில் நல்லதை நல்லதென்றே சொல்வோம். மட்சா ஏதோ அதிசய மூலிகை அல்ல. நமது மலைநாட்டில் வளர்கிற அதே தேயிலைச் செடிதான். ஜப்பானில் உஜி, நிஷியோ போன்ற இடங்களில் கொழுந்து பறிப்பதற்குச் சுமார் மூன்று கிழமைக்கு முன்பே செடிகளை மூடி நிழல் போடுகிறார்கள். அதனால் இலை கடும் பச்சையாகிறது. தியனைன் என்ற பொருளும் இலையில் கூடுதலாகத் தங்குகிறது. பறித்த இலையை ஆவியில் அவித்து, காய வைத்து, காம்பையும் நரம்பையும் நீக்கிக் கல் திரிகையில் அரைக்கிறார்கள். ஒரு திரிகையிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்கு 40 கிராம் அளவுதான் தூள் கிடைக்கும்.

நாம் சாயத்தை வடித்துவிட்டு இலையைக் கொட்டுகிறோம். மட்சாவில் இலையே வயிற்றுக்குள் போகிறது. அதனால் கட்டெச்சின் எனப்படும் நல்ல பொருட்கள் கூடுதலாகக் கிடைக்கின்றன. தியனைனும் கஃபீனும் சேர்வதால் சிலருக்குப் படபடப்பு இல்லாத விழிப்பு வருகிறது. ஜப்பானியர் 2 கிராம் தூளைச் சுடுதண்ணியில் கலக்கி, சீனி போடாமல் குடிக்கிறார்கள். அப்படிக் குடிப்பவர் குடிக்கட்டும். அதில் நமக்குச் சண்டையில்லை.

நமது சண்டை பொய்யோடுதான்.

"சாதாரண கிரீன் டீயைவிட 137 மடங்கு சக்தி" என்று ஒரு கணக்கு சுற்றுகிறது. அது 2003இல் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்றிலிருந்து வந்தது. அங்கே ஒரேயொரு வகைப் பச்சைத் தேயிலையோடு ஒப்பிட்டு, ஒரேயொரு கட்டெச்சினை அளந்தார்கள். மற்றப் பச்சைத் தேயிலைகளில் அதுவரை பதிவான ஆகக்கூடிய அளவைவிட 3 மடங்காவது அதிகம் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. 3 என்று போட்டால் சாமான் விற்காது. அதனால் 137ஐ மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

மெலிவது பற்றி? பச்சைத் தேயிலையும் எடைக் குறைப்பும் பற்றிய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த கொக்ரேன் மீளாய்வு 2012இல் வந்தது. குறைகிற எடை மிகச் சொற்பம், வைத்திய ரீதியாகப் பொருட்படுத்த ஒன்றுமில்லை என்பதே அதன் முடிவு. நச்சைக் கழுவுகிற வேலைக்கு அல்லாஹ் நமக்கு ஈரலையும் சிறுநீரகத்தையும் தந்திருக்கிறான். அந்த ஈரலுக்கே சில நேரம் ஆபத்து வருகிறது. பச்சைத் தேயிலைச் சாற்றை அடர்த்தியாக்கிய குளிசைகளில் ஈஜிசிஜி என்கிற கட்டெச்சின் நாளொன்றுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ போனால் ஈரல் பாதிப்பின் அறிகுறிகள் தெரிவதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2018இல் எச்சரித்தது. ஒன்லைனில் மெலிவதற்கென்று குளிசை வாங்குகிற சகோதரிகள் இதைக் கவனியுங்கள்.

இனி நாங்கள் ஆகக் கவலைப்படுகிற விடயம். வயசுக்கு வந்த பெண் பிள்ளைக்கு மாதாமாதம் இரத்தம் போகிறது. பருப்பு, கீரையில் உள்ள இரும்புச்சத்தைத் தேயிலை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். இது மட்சாவுக்கும் பொருந்தும், நமது பிளேன்டீக்கும் பொருந்தும். சாப்பிடாமல் வந்து காலைக் கூட்டத்தில் மயங்கி விழுகிற பிள்ளையைத் தூக்கிப் படுக்க வைப்பது நாங்கள்தான். அந்தப் பிள்ளைக்குத் தேவை ஒரு முட்டையும் ஒரு பிடி சோறும். நகரத்துக் கபேயில் ஒரு மட்சா லாட்டே குடிக்கிற காசுக்குப் பத்து முட்டைக்கு மேல் வாங்கலாம்.

அந்த லாட்டேயில்தான் என்ன இருக்கிறது? பெரும்பாலும் சிரப், டின்பால், ஐஸ்கிரீம். நடுவில் பேருக்குக் கொஞ்சம் தூள். இதைச் சுகர் வருத்தக்காரருக்கு மருந்து என்று விற்பது அநியாயம். வியாபாரம் ஹலாலாக இருந்தால் மட்டும் போதாது, வாயிலும் உண்மை இருக்க வேண்டும். ஜப்பானிலேயே 2024இன் கடைசியில் பெயர் பெற்ற மட்சாக் கடைகள் தட்டுப்பாட்டால் அளந்துதான் விற்றன. அப்படியிருக்க, எங்கே விளைந்தது என்றுகூட எழுதாத மலிவுப் பையில் என்ன இருக்கும்? இலையை முழுதாக விழுங்குவதால், மண்ணிலிருந்து இலைக்கு ஏறிய ஈயம் போன்றவையும் சேர்ந்தே உள்ளே போகும்.

"வாத்திமாருக்கு எதைக் கண்டாலும் குறைதான்" என்று சிலர் சொல்வீர்கள். சொல்லுங்கள். நமது தேத்தண்ணியையும் நாங்கள் விட்டுவைக்கப் போவதில்லை. ஒரு நாளைக்கு 5 பிளேன்டீ, ஒவ்வொன்றிலும் 2 கரண்டி சீனி என்றால் 10 கரண்டி. உலக சுகாதார நிறுவனம் 6 கரண்டிக்குள் நிற்பதே நல்லது என்கிறது. சீனியைக் குறைக்காமல் தூளின் நிறத்தை மாற்றி என்ன பயன்?

ஆகவே வீட்டில் இவற்றைச் செய்யுங்கள்:

எந்தத் தேத்தண்ணியையும் சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். இரும்புச்சத்துக் குளிசையைத் தண்ணியோடு மட்டும் விழுங்குங்கள்.

2 கிராம் மட்சாவில் 40 முதல் 90 மில்லிகிராம் வரை கஃபீன் இருக்கலாம். கர்ப்பிணித் தாய்மாருக்கு ஒரு நாளைக்கு 200தான் எல்லை. பிளேன்டீ, கோப்பி எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். தூக்கம் வராத பிள்ளைக்குப் பின்னேரத்துக்குப் பிறகு கொடுக்கவே வேண்டாம்.

இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள், கிளினிக் டொக்டரிடம் கேட்காமல் தொடாதீர்கள். இலையில் விற்றமின் கே இருக்கிறது.

பிள்ளை சாப்பாட்டை வெறுத்து மெலிய நினைத்தால் ஏசாதீர்கள். "கறுப்பு", "குண்டு" என்று பட்டம் வைத்தது யார் என்று விசாரியுங்கள். அநேகமாக அது நமது கல்யாண வீடுகளில், நமது வாயால் சொன்னதாகத்தான் இருக்கும். அந்த வாயை மூடினாலே பாதி மருந்து.

கிடைக்கிற வீடியோவையெல்லாம் அனுப்பித் தள்ளுவதற்கு முன், இதையும் நாலு பேருக்கு அனுப்புங்கள்.