கூப்பிட்டால் வருவதில்லை, வந்தால் போவதில்லை

எனக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது "மாப்ள, சாயங்காலம் வர்றியா?" என்று கேட்டால் போதும், தலைவலி வந்துவிடும். நிஜத் தலைவலி இல்லைங்க. கதவைச் சாத்திக்கொண்டு, ஓடுகிற ஃபேனைப் பார்த்தபடி, ஒரு நாள் முழுக்கத் தனியாகக் கிடக்க மாட்டோமா என்கிற ஏக்கம். ஹாஸ்டலில் ஒரு அறைக்கு மூன்று பேர். ஏக்கம் வருவது நியாயம்தானே?

போன வாரம் அந்த ஏக்கத்துக்கு ஏழரை. திங்கள் ராத்திரி 12 மணிக்கு ரூம்மேட்டின் பிறந்தநாள். கேக்கில் பாதி அவன் முகத்தில், மீதி சுவரில். செவ்வாய் சிம்போசியத்துக்கு மேடை ஏற்பாடு (நாற்காலி தூக்கியதைத்தான் கௌரவமாகச் சொல்கிறேன்). புதன் சிம்போசியம். வியாழன் காஸ்ட் அக்கவுண்டிங் இன்டர்னலுக்காக ஆறு பேர் சேர்ந்து படித்தோம். போட்டது மூன்று கணக்கு, குடித்தது பதினெட்டு டீ. வெள்ளி பரீட்சை முடிந்த கையோடு திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு பஸ். வகுப்பு நண்பனின் அக்கா கல்யாணம். சனிக்கிழமை காலைப் பந்தியில் சாம்பார் வாளி என் கையில்!

இதில் ஒன்றுக்குக்கூட நான் ஆசைப்பட்டுப் போகவில்லை. ஒவ்வொன்றிலும் கடைசியாகக் கிளம்பியவன் நான்தான். கல்யாணத்தில் முன்பின் தெரியாத ஒரு பெரியவர், "தம்பி, எல்லாருக்கும் போட்டியே, நீ சாப்பிட்டியா?" என்று கையைப் பிடித்து உட்கார வைத்து, அவரே பாயசம் ஊற்றினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். கால் வலித்தது, மனசு வலிக்கவில்லை.

அப்படியானால் போவதற்கு முன்னால் வருகிற அந்தத் தலைவலி என்ன? பி.காம். படிக்கிறவன் என்பதால் எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். அழைப்பு வந்ததும் மனசு ஒரு கணக்கு எழுதுகிறது. குளிக்கணும், சட்டை தேய்க்கணும், தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிக்கணும். எல்லாம் பற்றுப் பக்கம். வரவுப் பக்கம் காலி. அங்கே நடக்கப்போகிற நல்லது முன்கூட்டித் தெரியாதே. ஒரு பெரியவர் பாயசம் ஊற்றுவார் என்று வெள்ளிக்கிழமையே எப்படி எழுதுவது? பாதிப் பேரேட்டை வைத்துக்கொண்டு "நஷ்டம்" என்று முடிவு கட்டுகிறோம்.

இது என் ஒருத்தன் கதையும் இல்லை. நிக்கலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற இருவர் சிகாகோவில் ரயிலில் வேலைக்குப் போகிறவர்களை வைத்து ஒரு ஆய்வு செய்து 2014-ல் வெளியிட்டார்கள். சிலரைப் பக்கத்துச் சீட்டு ஆளோடு பேசச் சொன்னார்கள், சிலரைப் பேசாமல் தனியாக இருக்கச் சொன்னார்கள், சிலரை வழக்கம்போல இருக்கச் சொன்னார்கள். பயணம் இனிமையாக இருந்தது என்று அதிகம் சொன்னவர்கள் பேசினவர்கள்தான். ஆனால், எது நன்றாக இருக்கும் என்று வேறு சிலரை முன்கூட்டி ஊகிக்கச் சொன்னபோது, தனியாக இருப்பதுதான் என்றார்களாம். அமெரிக்காக்காரனுக்கும் அதே தலைவலி :)

அதற்காகத் தனிமை ஆசையே பொய் என்று சொல்ல வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரூம்மேட்டுகள் ஊருக்குப் போயிருந்தார்கள். சாயங்காலம் மொட்டை மாடியில் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். தூரத்தில் மலைக்கோட்டை விளக்குகள். பெரியவர், பாயசம், சுவரில் ஒட்டிய கேக் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து போயின. அசைபோட ஒரு வாரம் கையில் இருந்ததால்தான் அந்த இரண்டு மணி நேரம் அவ்வளவு நன்றாக இருந்தது என்று நினைக்கிறேன்.

நமக்கு 'ஏகாந்தம்' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. ஆனால் பேச்சில் எல்லாவற்றையும் 'தனிமை' என்ற ஒரே வார்த்தையில் அடைத்துவிடுகிறோம். நாமாக எடுத்துக்கொள்வதும் தனிமை, யாரும் கூப்பிடாததால் வந்து சேர்வதும் தனிமை. குழப்பம் அங்கேதான்.

முதல் வருஷம் பக்கத்து அறையில் ஒருத்தன் இருந்தான். எப்போது கூப்பிட்டாலும் "நீங்க போங்கடா" என்பான். நாங்களும் கொஞ்ச நாள் கூப்பிட்டோம், அப்புறம் விட்டுவிட்டோம். கோபமெல்லாம் இல்லை, பழக்கம் விட்டுப்போச்சு, அவ்வளவுதான். இரண்டாவது செமஸ்டரில் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டான். நாலு நாள் கழித்துத்தான் எங்களுக்கே தெரிந்தது. வீட்டில் பிரச்சனையா, பணமா, படிப்பா? இன்றுவரை தெரியாது. அவனை நினைத்தால் வருத்தத்தோடு கொஞ்சம் பயமும் வரும். அவன் சொன்ன அதே வார்த்தையைத்தானே நானும் தினம் சொல்கிறேன்? கூப்பிடுகிறவர்கள் எத்தனை நாள்தான் கூப்பிடுவார்கள்?

அதனால் இப்போது ஒரு ஏற்பாடு. ஞாயிறு சாயங்காலம் எனக்கு. யார் கூப்பிட்டாலும் வெட்கமில்லாமல் "இன்னிக்கு முடியாதுடா, நாளைக்கு வரேன்" என்று சொல்லிவிடுவது. மற்ற நாட்களில் தலைவலி வந்தாலும் அதைக் கேட்காமல் முதலில் செருப்பை மாட்டிவிடுவது.

இதை எழுதும்போதே கதவைத் தட்டுகிறார்கள். டீக்கடைக்காம். இன்று புதன்கிழமை வேறு. தலைவலி லேசாக ஆரம்பித்துவிட்டது... போயிட்டு வரேன்.