செம்பியன்கண்டியூர்த் தாழிகள்

மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள செம்பியன்கண்டியூரில் 2006இல் புதிய கற்காலக் கைக்கோடரி ஒன்று கிடைத்தது. அதன் மேலிருந்த கீறல்களைச் சிந்துவெளி எழுத்துகள் என்றார் ஐராவதம் மகாதேவன். அன்று மூண்ட வாதத்தில் நாமும் நம் பங்குக்குப் பக்கம் பக்கமாக எழுதித் தீர்த்தோம். 2008இல் அதே ஊரில் மாநிலத் தொல்லியல் துறை அகழ்ந்தெடுத்த இரும்புக்கால ஈமத்தாழிகளைப் பற்றி எத்தனை வரி எழுதினோம்?

வண்டல் பூமியில் பெருங்கற்காலம் ஏது, கல்வட்டம் காணப் புதுக்கோட்டைக்கல்லவா போக வேண்டும் என்பார் உளர். கல்லே இல்லாத மண்ணில் கல்லைத் தேடுவது என்ன நியாயம்? பெருந்தாழியை வனைந்து, வெடிக்காமல் சுட்டு, இடுகாட்டுக்குச் சுமந்து சென்று புதைக்க ஒரு வீட்டார் போதார். குயவர், விறகு சேர்ப்போர், குழி வெட்டுவோர் என்று ஊரே கூட வேண்டும். இறந்தவருக்காக இவ்வளவு உழைப்பைத் திரட்டத் தெரிந்தவர்களே ஆற்றுக்குக் கரை கட்டவும் கூடியிருப்பார்கள் என்பது நம் துணிபு.

சோழன் கிள்ளிவளவன் மாய்ந்தபோது ஐயூர் முடவனார் குயவனை அழைத்துத்தான் புலம்புகிறார் (புறநானூறு 228). இத்தனை பெரியவனை அடக்கும் தாழியை உன்னால் வனைய இயலுமா என்பது அவர் கேள்வி. நாமோ அதை உயர்வுநவிற்சி என்று குறித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறோம். புலவருக்குச் சாவென்றதும் ஏன் குயவன் நினைவு வந்தது என்று கேட்பதில்லை.

கீறல்தான் வேண்டுமென்போருக்கு ஒரு செய்தி. செம்பியன்கண்டியூர் மட்கலத்திலும் கீறல் குறி உண்டு. அது இறந்தவர் குடியின் அடையாளமா, வனைந்தவர் இட்டதா? இதற்கல்லவா நாம் சண்டையிட்டிருக்க வேண்டும்!