அண்ணா சாலையில் பேருந்துக்குத் தனித்தடம்: முதலில் பயணிகளிடம் கேளுங்கள்

சென்னை அண்ணா சாலையில் தேனாம்பேட்டைக்கும் சைதாப்பேட்டைக்கும் இடையே 3.2 கி.மீ. நீளத்துக்கு, ₹621 கோடி மதிப்பீட்டில் உயர்மட்டச் சாலைப் பணி 2024 ஜனவரியில் தொடங்கப்பட்டது. இதனால் நெரிசல் குறையும் என்கிறது அரசு. நிற்காமல் கடந்து போகும் கார்களுக்குக் குறையக்கூடும். மாநகரப் பேருந்தின் வேலை வேறு. எஸ்.ஐ.இ.டி., நந்தனம், சைதாப்பேட்டை நிறுத்தங்களில் ஏற வேண்டியவர்களும் இறங்க வேண்டியவர்களும் கீழேதான் நிற்கிறார்கள். பேருந்தும் கீழேதான் போயாக வேண்டும். அப்படியானால் மேலே ஏறும் வண்டிகளால் கீழே விடுபடும் சாலை யாருக்கு? இரு திசையிலும் ஒரு தடத்தைப் பேருந்துக்கென்றே ஒதுக்க வேண்டும். அதன் வரைபடத்தை முடிவு செய்யும் முன் பேருந்துப் பயணிகளிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்று வலியுறுத்துகிறோம்.

இதைத் தள்ளிப்போட முடியாது. ஜெமினி அருகே அண்ணா மேம்பாலம் 1973இல் வந்தது. பின்னர் மெட்ரோ பணிக்காக இதே சாலையின் பகுதிகள் ஒருவழியாக்கப்பட்டு, பணி முடிந்ததும் மீண்டும் இருவழியாயின. ஒவ்வொரு மாற்றத்திலும் கிடைத்த இடத்தைத் தனி வாகனங்களே நிரப்பின. சாலை சற்று இலகுவானால், நெரிசலுக்கு அஞ்சி வேறு வழியில் போனவர்கள் திரும்பி வருகிறார்கள்; வண்டியை வீட்டில் விட்டுவந்தவர்கள் எடுத்து வருகிறார்கள். ஒருமுறை நிரம்பிய இடத்தை மீட்பது கடினம். அப்போது அது “கார்களிடமிருந்து பறிப்பது” என்று பேசப்படும். இன்னும் எவருக்கும் உரிமையாகாத இடத்தை ஒதுக்கும் வாய்ப்பு இந்தச் சாலையில் அரிதாகவே கிடைக்கும்.

வாகனங்களை அல்ல, மனிதர்களை நகர்த்துவதே நகரச் சாலையின் நோக்கம் என்று 2006இல் வந்த தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையே சொல்கிறது. இருபது ஆண்டுகளாகக் காகிதத்தில் இருக்கும் இந்த வாக்கியத்துக்கு அண்ணா சாலையில் என்ன பொருள்? தனி வாகனங்கள் மட்டும் ஓடும் ஒரு தடத்தில் மணிக்கு 600 முதல் 1,600 பேர் வரைதான் கடக்க முடியும் என்று அமெரிக்க நகரப் போக்குவரத்து அதிகாரிகளின் தேசியச் சங்கம் தன் கையேட்டில் கணக்கிடுகிறது. அதே அகலத்தைப் பேருந்துக்கென்றே ஒதுக்கினால் 4,000 முதல் 8,000 பேர் கடக்கலாம். இது வேறொரு நாட்டுக் கணக்குதான். ஆனால் காலை எட்டரை மணிக்கு 18ஏ பேருந்தில் நிற்பவர்களையும், பக்கத்தில் நிற்கும் காருக்குள் இருப்பவர்களையும் எண்ணிப் பார்க்கும் எவருக்கும் கணக்கின் திசை விளங்கிவிடும்.

மெட்ரோதான் அடியில் ஓடுகிறதே, பேருந்துக்கு எதற்குத் தனித்தடம் என்ற கேள்வி எழும். மெட்ரோ நல்லது, இன்னும் வளர வேண்டும். ஆனாலும் சென்னையில் மெட்ரோவில் ஒரு நாளில் பயணிப்பவர்களைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு பேர் மாநகரப் பேருந்துகளில் பயணிக்கிறார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் போகலாம். வீட்டுவேலைக்கும் கடைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் போகும் பெண்களின் மாதச் செலவை அது குறைத்தது. இது இந்த மாநிலத்தின் பெருமைக்குரிய முடிவு. டிக்கெட்டுக்குப் பணம் வேண்டாம் என்று சொன்ன அரசு, அதே பெண்கள் நிறுத்தத்திலும் நெரிசலிலும் இழக்கும் நேரத்தையும் தன் பொறுப்பாக ஏற்க வேண்டும். நகரின் நடுவிலிருந்து அகற்றப்பட்டு, கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்டவர்களில் பலருக்கு வேலை இன்னும் நகருக்குள்தான். அவர்களுக்குப் பேருந்தின் வேகம் என்பது வேலை நிலைக்குமா போகுமா என்ற கேள்வி.

பேருந்து ஏன் தாமதமாகிறது என்பதை நிர்வாகம் பெரும்பாலும் பேருந்துகளின் எண்ணிக்கையை வைத்தே பேசுகிறது. புதுப் பேருந்துகள் வேண்டும்தான். ஆனால் நெரிசல் அவற்றையும் விழுங்குகிறது. ஒரு வழித்தடத்தில் 15 நிமிடத்துக்கு ஒரு பேருந்து விட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். போய்த் திரும்ப மூன்று மணி நேரமானால் 12 பேருந்துகள் போதும். நெரிசலில் அது நான்கு மணி நேரமானால், அதே சேவைக்கு 16 பேருந்துகள் வேண்டும். கூடுதல் நான்கும் ஒரு பயணியைக்கூடக் கூடுதலாக ஏற்றுவதில்லை; சாலை விழுங்கிய நேரத்தை மட்டும் ஈடுகட்டுகின்றன. ஓட்டுநர், நடத்துநர், டீசல், பராமரிப்பு எல்லாமே அந்த நான்குக்கும் சேர்ந்து வேண்டும். தனித்தடத்துக்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் பணிமனைக்குப் பேருந்துகளைத் திருப்பித் தருகிறது.

இன்னொன்று. அரைமணி நேரம் பேருந்தே வராமல், பிறகு ஒரே எண்ணில் மூன்று சேர்ந்தாற்போல் வருவதைச் சென்னைவாசிகள் நன்கு அறிவார்கள். இதை ஓட்டுநர்களின் அலட்சியம் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் முன்னால் போகும் பேருந்து ஒரு சிக்னலில் சிக்கித் தாமதமானால், அடுத்த நிறுத்தத்தில் அதற்குக் கூட்டம் கூடிவிடுகிறது, ஏற்றி இறக்க நேரமாகிறது, தாமதம் வளர்கிறது. பின்னால் வருவதற்கு ஆட்கள் குறைவு. அது விரைந்து வந்து முன்னதை எட்டிப்பிடிக்கிறது. படிக்கட்டில் தொங்கும் கூட்டமும் காலியாகப் போகும் பேருந்தும் ஒரே சாலையில் அடுத்தடுத்துத் தெரிவது இதனால்தான். பேருந்து சிக்கும் இடங்களைச் சரிசெய்யாமல் கால அட்டவணையை எத்தனை முறை திருத்தினாலும் பயனில்லை.

தாழ்தளப் பேருந்துகளின் கதை இன்னும் வேதனையானது. மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றப் படியேறிப் போராடித்தான் அவை மீண்டும் சென்னைச் சாலைக்கு வந்தன. சக்கர நாற்காலியில் வருபவர் ஏற வேண்டுமானால், பேருந்து நடைமேடையை ஒட்டி நிற்க வேண்டும். சாய்தளப் பலகையை விரிக்க இடம் வேண்டும். நிறுத்தத்தில் ஆட்டோக்களும் இருசக்கர வாகனங்களும் நின்றால், ஓட்டுநர் நடுச்சாலையில்தான் நிறுத்த முடியும். முதியவர் சாலையில் இறங்கி ஓடி ஏறுகிறார்; சக்கர நாற்காலியில் இருப்பவர் நடைமேடையிலேயே தங்கிவிடுகிறார். போராடிப் பெற்ற பேருந்து கண்ணெதிரே போய்விடுகிறது. நிறுத்தத்தின் முன் சில மீட்டர் இடத்தைக் காலியாக வைத்திருக்க முடியாத நகரம், அந்தப் பேருந்துகளை வாங்கிய பணத்தில் ஒரு பகுதியை வீணாக்குகிறது.

இத்தனையும் தெரிந்தவர்கள் யார்? பயணிகள், ஓட்டுநர்கள், நடத்துநர்கள், நேரக் காப்பாளர்கள். கருத்துக்கேட்புக் கூட்டங்களில் பெரும்பாலும் இல்லாதவர்களும் அவர்களே. வேலைநாளில் காலை பதினொரு மணிக்கு, ஏதோ ஓர் அரங்கில், ஆங்கிலத்தில் திட்ட விளக்கம் காட்டினால் வரக்கூடியவர்கள் கடை உரிமையாளர்கள், குடியிருப்போர் சங்கத்தினர், வல்லுநர்கள். அவர்கள் வருவதில் தவறில்லை. ஆனால் அதே நேரத்தில் 54ஆம் எண் பேருந்தில் கிண்டியைக் கடந்துகொண்டிருப்பவர் தன் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு அங்கே வர முடியாது. பேருந்துப் பயணிகளுக்குச் சங்கம் இல்லை, அலுவலகம் இல்லை, அவர்கள் சார்பில் மனு எழுதித்தர ஆளில்லை. பெரும்பான்மையினர் வராத கூட்டத்தில் பதிவாகும் எதிர்ப்பை “மக்கள் கருத்து” என்று கோப்பில் எழுதுவது அநீதி.

இந்த அநீதி என்ன செய்யும் என்பதை டெல்லி பார்த்துவிட்டது. அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கி.மீ. நீளத்துக்கு 2008இல் பேருந்துத் தனித்தடம் திறக்கப்பட்டது. தொடங்கிய நாளிலிருந்தே கார் உரிமையாளர்களின் கோபம் செய்திகளை நிறைத்தது. தடத்தை நீக்கக் கோரிய வழக்கை 2012இல் டெல்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆனாலும் 2016இல் அது இடித்து அகற்றப்பட்டது. அதன் வடிவமைப்பில் குறைகள் இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். பேருந்து நிறுத்தம் சாலை நடுவே இருந்ததால், பயணிகள் ஒவ்வொரு முறையும் வாகனங்களைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. சந்திப்புகளில் சிக்னல் காத்திருப்பு நீண்டது. இவை திருத்தக்கூடிய குறைகள். அன்றாடம் அதில் பயணித்தவர்களின் குரலுக்குத் தொடக்கத்திலிருந்தே இடம் தந்திருந்தால் குறைகள் முன்பே தெரிந்திருக்கும். தடத்தைக் காக்கவும் ஆட்கள் இருந்திருப்பார்கள். பெங்களூரு வெளிவட்டச் சாலையில் 2019இல் சில்க் போர்டு பக்கமிருந்து தொடங்கிய பேருந்து முன்னுரிமைத் தடமும், பிறகு மெட்ரோ பணி வந்தபோது நிலைக்கவில்லை.

சென்னை அதே பாதையில் போக வேண்டியதில்லை. கருத்துக்கேட்பு பேருந்து நிறுத்தத்துக்கும் பேருந்துக்குள்ளும் வரட்டும். காலை ஏழு முதல் பத்து வரையிலும், மாலை ஐந்து முதல் எட்டு வரையிலும், சின்னமலையிலிருந்து எல்.ஐ.சி. வரை ஒவ்வொரு நிறுத்தத்திலும் தமிழில் பேசும் ஆட்களை நிறுத்திக் கேட்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவரின் பதிலை அவர் வாய்மொழியாகவே பதிவு செய்ய வேண்டும். பணிமனைகளில் ஓட்டுநர்களிடமும் நடத்துநர்களிடமும் தனியே அமர்ந்து கேட்க வேண்டும். எந்தச் சிக்னலில், எந்த வளைவில் எத்தனை நிமிடம் போகிறது என்பதை எந்த ஆலோசனை நிறுவனத்தை விடவும் அவர்கள் துல்லியமாகச் சொல்வார்கள். தமிழ்நாட்டு நகரங்களில் 2022 நவம்பர் 1 அன்று முதன்முறையாகக் கூடிய பகுதி சபைகள் இதற்குப் பொருத்தமான மன்றங்கள். அண்ணா சாலையையொட்டிய வார்டுகளில் மட்டும் கூட்டினால் போதாது; அந்தச் சாலை வழியே வேலைக்கு வருபவர்கள் வசிக்கும் வார்டுகளிலும் கூட்ட வேண்டும்.

என்ன கேட்கிறோம் என்பதும் முக்கியம். “பேருந்துக்குத் தனித்தடம் வேண்டுமா, வேண்டாமா?” என்று பொதுவாகக் கேட்டால் குரல் வலுத்தவர்கள் வெல்வார்கள். தடம் சாலை ஓரத்தில் வேண்டுமா, நடுவிலா? எந்த நிறுத்தத்தை நகர்த்தலாம், எதைத் தொடக்கூடாது? சாலையைக் கடக்க எங்கே பயமாக இருக்கிறது? இரவு ஒன்பது மணிக்கு எந்த நிறுத்தத்தில் வெளிச்சமில்லை? ஆம்புலன்ஸ் தவிர வேறு எதை அந்தத் தடத்தில் விடலாம்? இப்படிக் கேட்டால் கிடைக்கும் பதில்களைக் கொண்டு பொறியாளர் வரைபடம் போட முடியும்.

கடைக்காரர்களின் கவலையையும் நாம் ஒதுக்கவில்லை. சரக்கு இறக்க இடம் வேண்டும். அதற்கு நேரம் குறித்து, பக்கத்துத் தெருக்களில் இடம் ஒதுக்கலாம். இருசக்கர வாகன ஓட்டிகளில் பெரும்பாலோர் வசதி படைத்தவர்கள் அல்லர். பேருந்தை நம்ப முடியாததால் கடன் வாங்கி வண்டி வாங்கியவர்கள் அவர்களில் ஏராளம். அவர்களை எதிரிகளாக நிறுத்தும் பேச்சு இந்த விவாதத்தில் வேண்டாம். பேருந்து சொன்ன நேரத்துக்கு வந்தால் முதலில் திரும்பி வருபவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள்.

காகிதத்தில் கேட்பதோடு சாலையிலும் காட்ட வேண்டும். தியாகராய நகர் பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. அதற்கு முன் எதிர்ப்பும் சந்தேகமும் நிறைய இருந்தன. தெருவை மூடிப் பார்த்த வெள்ளோட்டங்கள்தான் விவாதத்தைத் தரைக்குக் கொண்டுவந்தன. அண்ணா சாலையிலும் வண்ணக் கோடும் கூம்புத் தடுப்புகளும் போதும். சில மாதங்கள் நடத்தி, பேருந்தின் வேகம், பயணிகள் எண்ணிக்கை, கடை வியாபாரம், விபத்துகள் எல்லாவற்றையும் முன்பும் பின்பும் அளந்து, தமிழில் வெளியிட வேண்டும். காவல்துறை முதல் வாரம் மட்டும் நின்றுவிட்டுப் போய்விட்டால் சோதனையே பொய்யாகிவிடும். தடத்தில் நுழையும் வாகனங்களைக் கேமரா பிடித்து அபராதம் விதிக்கும் ஏற்பாடு முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதுதான் மிகப் பெரிய சிக்கல். சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. நிழற்குடை மாநகராட்சியுடையது. சிக்னல் போக்குவரத்துக் காவலுடையது. பேருந்து மாநகர் போக்குவரத்துக் கழகத்துடையது. அடியில் மெட்ரோ நிறுவனம். ஒரு பயணியின் புகார் இந்த ஐந்து அலுவலகங்களுக்கு இடையே அலைந்து காணாமல் போகிறது. இதற்காகவே 2010இல் சட்டம் இயற்றி, முதலமைச்சர் தலைமையில் இயங்கும் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் இருக்கிறது. அண்ணா சாலைக் கருத்துக்கேட்பைக் குழுமமே நடத்த வேண்டும். வந்த ஒவ்வொரு கருத்தையும் என்ன செய்தோம், ஏற்றது எது, ஏற்காதது எது, ஏன் என்று குறித்த கெடுவுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அறிவிப்பு வெளியாகும் வரை தேனாம்பேட்டை - சைதாப்பேட்டை உயர்மட்டச் சாலையின் கீழே வாகன நிறுத்தத்துக்கோ வேறெதற்கோ ஓர் அங்குல இடத்தையும் எந்தத் துறையும் ஒதுக்கக் கூடாது என்ற உத்தரவைக் குழுமத்தின் அடுத்த கூட்டத்திலேயே முதலமைச்சர் பிறப்பிக்க வேண்டும்.