விற்றதையே திரும்ப வாங்குகிறோமா?

கேள்வி: எங்களுக்கு இரண்டரை ஏக்கர் மானாவாரி நிலம். நிலக்கடலையும் ஊடுபயிராக உளுந்து, துவரையும் போடுகிறோம். காய்ந்ததும் களத்திலேயே வியாபாரிக்கு எடை போட்டு விடுகிறோம். வீட்டில் ஐந்து பேர். மளிகைக் கடையில் மாதம் ஐயாயிரத்துக்குக் குறையாமல் பற்று ஏறுகிறது. போன வருஷம் கடலை விற்ற பணத்தில் பெரும்பகுதி கடைப் பாக்கிக்கே போய்விட்டது. மூத்த பெண் பிளஸ் டூ படிக்கிறாள். அவளைக் கல்லூரியில் சேர்க்கப் பணம் வேண்டும். மளிகைச் செலவைக் குறைக்க வழி உண்டா?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: வழி உண்டு, அம்மா. மாதம் 5,000 என்றால் ஆண்டுக்கு 60,000 ரூபாய். பயிருக்கு உரச் செலவு, கூலிச் செலவு என்று கணக்கு எழுதும் நாம், இந்த 60,000-க்குக் கணக்கு எழுதுவதில்லை. அடுத்த மாதம் முழுக்க வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு பொருளையும் எடை, விலையோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். மாதக் கடைசியில் அதை மூன்றாகப் பிரியுங்கள்: நம் நிலத்தில் விளைவது, பருவத்தில் ஒரே தடவை வாங்கக் கூடியது, மாதாமாதம்தான் வாங்க வேண்டியது.

நம் நிலத்தில் விளைவது

உளுந்தையும் துவரையையும் அறுவடையில் முழுதாக விற்றுவிட்டு, அடுத்த மாதமே பருப்பாக வாங்குகிறோம். வண்டி வாடகை, தரகு, ஆலைக் கூலி, பாக்கெட் செலவு, கடைக்காரர் லாபம் எல்லாம் அந்த விலையில் சேர்ந்திருக்கும். அதனால் விற்கும் முன்பே ஆண்டுச் சாப்பாட்டுக்கு உரியதை எடுத்து வையுங்கள். மாதம் 2 கிலோ உளுத்தம் பருப்பு ஆகிற வீடு என்றால் ஆண்டுக்கு 24 கிலோ. உடைத்துத் தோல் நீக்கும்போது கழிவு போகும் என்பதால் 35 கிலோ முழு உளுந்து ஒதுக்கினால் போதும். விதைக்கு வேண்டியதைத் தனியாக வையுங்கள்.

கடலைக்கும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நன்றாகக் காய்ந்த 100 கிலோ காயை உடைத்தால் சுமார் 70 கிலோ பருப்பு. செக்கில் ஆட்டினால் ஏறக்குறைய 28 கிலோ எண்ணெயும் 40 கிலோ பிண்ணாக்கும் கிடைக்கும். ஒரு லிட்டர் எண்ணெயின் எடை சுமார் 910 கிராம். ஆக, 28 கிலோ என்பது 30 லிட்டருக்குச் சற்று மேல். உதாரணத்துக்குக் காய் கிலோ 65 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். காயின் மதிப்பு 6,500. உடைக்கவும் ஆட்டவும் கூலி 700. பிண்ணாக்கு கிலோ 40 வீதம் 1,600 ரூபாயைக் கழித்தால் மீதி 5,600. எண்ணெய் லிட்டர் சுமார் 182 ரூபாய் ஆகிறது. உங்கள் ஊர் விலையைப் போட்டு, கடைக் கடலை எண்ணெயோடு ஒப்பிடுங்கள். பாமாயிலோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பாகும். மாடு இருந்தால் பிண்ணாக்கு வாங்கும் செலவும் மிச்சம்.

ஆண்டுக்கான எண்ணெயை ஒரேயடியாக ஆட்டி வைக்காதீர்கள், சிக்குவாடை வந்துவிடும். காயாகவே வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஆட்டுங்கள். பூசணம் பிடித்த, சுருங்கிய, கறுத்த பருப்பைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். அதில் இருக்கும் அஃப்ளாடாக்சின் நஞ்சு வறுத்தாலும் வேகவைத்தாலும் போகாது. மாட்டுக்கும் போடக் கூடாது.

பருவத்தில் ஒரே தடவை

புளி, மிளகாய், மல்லி, மஞ்சள் ஆகியவற்றுக்கு ஆண்டில் ஒரு வரத்துக் காலம் உண்டு. தை, மாசியில் புது மல்லியும் மஞ்சளும் வரும். மாசி, பங்குனியில் புதுப் புளி. மிளகாய் மாசியிலிருந்து சித்திரை வரை. துவரை விளையாதவர்கள், கர்நாடகம், மகாராஷ்டிரத்தின் புதுத் துவரை சந்தைக்கு வரும் தை, மாசியில் விலையைக் கவனிக்கலாம். வரத்து கூடும்போது வழக்கமாக விலை இறங்கும். இரண்டு, மூன்று வீடுகள் சேர்ந்து மூட்டையாக வாங்கிப் பிரித்துக்கொண்டால் மொத்த விலையும் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. இதற்காக வட்டிக்குப் பணம் வாங்காதீர்கள். நூற்றுக்கு 2 ரூபாய் வட்டியில் 10,000 வாங்கினால் பத்து மாதத்தில் வட்டி மட்டும் 2,000. பருவத்தில் வாங்கிய லாபம் அதிலேயே கரைந்துவிடும். கையில் இருக்கும் பணத்துக்கு எது வருமோ அதை வாங்குங்கள். முதல் ஆண்டு புளியும் மிளகாயும் மட்டுமே முடிந்தாலும் சரிதான்.

மாதாமாதம் வாங்குவது

முதலில் ரேஷன் கடை. விலையில்லா அரிசியோடு, 30 ரூபாய்க்கு 1 கிலோ துவரம் பருப்பும், 25 ரூபாய்க்கு 1 லிட்டர் பாமாயிலும் உங்கள் கார்டுக்கு உண்டென்றால் எந்த மாதமும் விடாதீர்கள். ஆண்டுத் தேவையில் 12 கிலோ பருப்பு அங்கேயே முடிந்துவிடும்.

மற்றதை வாங்கும்போது பாக்கெட் விலையைப் பார்க்காமல், கிலோ விலையாக மாற்றிப் பாருங்கள். 10 ரூபாய் மிளகாய்த்தூள் பாக்கெட்டில் 20 கிராம் இருந்தால் கிலோ 500 ரூபாய் ஆகிறது. மிளகாய் வாங்கிக் காயவைத்து அரைக்கும் செலவோடு இதை ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். பாக்கெட்டிலேயே ஒரு கிராம் அல்லது ஒரு மில்லி என்ன விலை என்று அச்சிட வேண்டும் என்பது எடையளவு விதி. சிறிய எழுத்தில் இருக்கும், பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பெரிய பாக்கெட் என்றாலே மலிவு என்றும் நினைக்க வேண்டாம், அதையும் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

எண்ணெயில் இன்னும் கவனம் வேண்டும். ஒரே மாதிரித் தெரியும் உறைகளில் ஒன்றில் 910 கிராம், மற்றொன்றில் 850 கிராம் இருக்கலாம். 15 கிலோ டின் வேறு, 15 லிட்டர் டின் வேறு. லிட்டர் டின்னில் எடை 13.65 கிலோ அளவுதான் வரும். வாரச்சந்தையில் படிக் கணக்கில் வாங்கினால், அந்தப் படி எத்தனை கிராம் என்று வீட்டில் ஒரு தடவை நிறுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரவை, மைதா, அரைத்த தூள் வகைகளைச் சேர்த்து வைக்க வேண்டாம். மழைக்காலத்தில் கட்டி பிடிக்கும், வண்டு வரும். மாதத் தேவைக்கு மட்டும் போதும்.

கடைசியாகக் கடைப் பற்று. அவசரத்துக்குக் கொடுக்கும் கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பாக்கி நிற்கும் கடையில் விலை கேட்க வாய் வராது, வேறு கடைக்குப் போகவும் கால் வராது. இந்த அறுவடைப் பணத்தில் முதல் வேலையாகப் பாக்கியை முழுதாக அடையுங்கள். பிறகு ரொக்கத்துக்கு மட்டும் வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தை மாதாமாதம் உங்கள் பெண் பெயரில் அஞ்சலகத் தொடர் வைப்பில் போடுங்கள். மளிகைப் பணத்தோடு கலந்து வைத்தால் அது நிற்காது.

கேள்வி: சேர்த்து வைக்கும் உளுந்து மூன்றே மாதத்தில் ஓட்டை விழுந்து மாவாகிறது. மூட்டைக்குள் மாத்திரை போடலாம் என்கிறார்கள். போடலாமா?
– ஒரு வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: கூடவே கூடாது. அது அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. ஈரக்காற்று பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் என்ற விஷவாயு வரும். பயிற்சி பெற்றவர்கள் கிடங்கில் மூடாக்குப் போட்டுப் பயன்படுத்துவது அது. ஆட்கள் படுத்துறங்கும் வீட்டில் வைத்தால் உயிரே போய்விடும். மாலத்தியான் தூளையும் சாப்பிடும் தானியத்தில் கலக்கக் கூடாது.

பயறு வண்டு வயலிலேயே காய் மேல் முட்டையிடத் தொடங்கிவிடும். பருப்பின் மேல் ஒட்டியிருக்கும் வெள்ளைப் புள்ளிகள்தான் முட்டை. ஆகவே அறுவடை முடிந்த உடனே வேலையைத் தொடங்க வேண்டும். நல்ல வெயிலில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, பல்லில் கடித்தால் 'டக்' என்று உடையும்வரை காயவையுங்கள். ஈரப்பதம் 10 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். நிழலில் ஆறிய பிறகே டிரம்மில் கொட்டுங்கள். சூட்டோடு கொட்டினால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும்.

சாப்பிடுவதற்கான உளுந்தை உடைத்துப் பருப்பாக வைப்பது நல்லது. உடைத்த பருப்பில் இந்த வண்டு அதிகம் வராது. முழுதாக வைப்பதென்றால் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் விட்டுப் பிசறி வையுங்கள். மூடி இறுகும் டிரம்மைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். பழைய சாக்கை வெந்நீரில் அலசி வெயிலில் காயவைத்த பிறகே பயன்படுத்துங்கள். பழைய தானியத்தோடு புதியதைக் கலக்காதீர்கள்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வடிவமைத்த பூச்சிப் பொறி ஒன்று உண்டு. துளைகள் உள்ள குழாயைத் தானியத்துக்குள் செருகி வைத்தால், நடமாடும் வண்டுகள் உள்ளே விழும். வாரம் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். வண்டு விழுந்திருந்தால் அன்றைக்கே மீண்டும் வெயிலில் போடுங்கள். எங்கே கிடைக்கும் என்பதை உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள்.