பாடிப் போகிறவரின் கணக்கு

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கிராமங்களில் பொங்கலையொட்டி நடக்கும் கபடிப் பந்தயத்தைப் பார்த்திருப்பீர்கள். அதிகக் கைதட்டல் யாருக்கு? ஏழு பேர் நடுவே கண்ணை மூடிக்கொண்டு பாய்கிறவருக்குத்தான். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

பரபரப்பு வந்தால் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, தசைகளுக்கு இரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. பாய்ச்சலுக்கு இது வேண்டியதுதான். ஆனால் மிஞ்சினால் கவனம் ஒரே ஆள்மீது குவிந்துவிடும். ஓரத்தில் கைகோத்து வருகிற இருவர் கண்ணில் படமாட்டார்கள். 1908-இல் யெர்க்ஸ், டாட்சன் இருவரும் சுண்டெலிகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துச் சோதித்தார்கள். கடினமான பாடத்தை எலிகள் விரைவில் கற்றது மிதமான அதிர்ச்சியில்தான். பாவம் எலிகள்! ஆனாலும் கபடிக்கும் இது பொருந்தும் என்பது என் எண்ணம்.

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். நீங்கள் 10 முறை பாய்ந்தால் 4 முறை ஒருவரைத் தொட்டுத் திரும்புகிறீர்கள், 6 முறை பிடிபடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு 4 புள்ளி, எதிரணிக்கு 6. பிடிபட்டு நீங்கள் வெளியே உட்கார்ந்திருக்கும் நேரம் தனி நஷ்டம். பாக்லைனைத் தாண்டிவிட்டுச் சும்மா திரும்பினாலோ நஷ்டமே இல்லை.

அப்படியானால் பாயவே கூடாதா? பொறுங்கள். ஓர் அணி தொடர்ந்து இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினால், மூன்றாம் முறை பாடிப் போகிறவர் புள்ளி எடுத்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் அவர் அவுட், எதிரணிக்கு ஒரு புள்ளி. பெரிய போட்டிகளில் இன்று இதுதான் விதி. அப்போது சும்மா திரும்பினால் தோல்வி நிச்சயம். பாய்ந்தால் பத்துக்கு நான்காவது உண்டு. அதே ஆள், அதே பாய்ச்சல்!

அடுத்த பந்தயத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகத்துடன் போங்கள். எத்தனையாவது முறையில் பாய்ந்தார், எத்தனை பேர் எதிரே நின்றார்கள், பலன் என்ன என்று மூன்று கட்டம் போட்டுக் குறியுங்கள். உங்கள் அணித்தலைவரிடமும் அதைக் காட்டுங்கள்.